ஊதியமும் விண்ணப்பமும்: ஸ்தல ஸ்தாபனங்களின் இரு கடமைகள்

ஊராட்சியாயினும் நகராட்சியாயினும், ஸ்தல ஸ்தாபனத்தின் கூட்டங்களில் ஓயாது இடம்பெறும் பொருள்கள் இரண்டு உண்டு. ஊருக்காக உழைப்போருக்கு என்ன ஊதியம் அளிப்பது என்பது ஒன்று. ஊரார் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களுக்கு என்ன விடை கூறுவது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சிறு காரியங்கள் என்று பலர் எண்ணுகின்றனர். பெரிய பாலம், பெரிய கட்டடம், பெரிய விழா ஆகியவையே நிர்வாகத்தின் பெருமை என்று கருதுவோரும் உளர். ஆயினும் குழாயடியில் நிற்கும் தாய்க்கும், விடியுமுன் தெருக் கூட்டும் தொழிலாளிக்கும், அரசாங்கம் என்பது இவ்விரண்டு காரியங்களே ஆகும்.

இவ்விரண்டையும் தீர்மானிப்பதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா, அல்லது பதவியில் இருப்போரின் விருப்பமே அளவுகோலா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள். இதே கேள்வி நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவின் முன்னும் நிற்பதால், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை ஊன்றிப் படித்தல் நலம்.

ஊதியத்தின் மூன்று படிகள்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், அஃதாவது 1948இல், இந்திய அரசாங்கம் நியாய ஊதியக் குழு ஒன்றை நியமித்தது. அக்குழு 1949இல் அளித்த அறிக்கையில் ஊதியத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியது. கீழ்ப்படி குறைந்தபட்ச ஊதியம். அது உயிரைப் பிடித்து வைப்பதற்கு மட்டும் உரியதன்று. தொழிலாளி தன் திறமை கெடாது உழைப்பதற்குரிய அளவு கல்வி, மருத்துவம், பிற வசதிகள் ஆகியவற்றுக்கும் அதில் இடம் இருத்தல் வேண்டும். மேற்படி வாழ்க்கை ஊதியம். நோய், முதுமை முதலிய துன்பங்களுக்கு முன்னேற்பாடு செய்துகொண்டு மனிதன் மதிப்புடன் வாழ அது உதவ வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நியாய ஊதியம். அதன் கீழெல்லை குறைந்தபட்ச ஊதியம். மேலெல்லை அத்தொழிலின் கொடுக்கும் சக்தி.

இப்பாகுபாட்டில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கொடுக்கும் சக்தி என்ற பேச்சு நடுப்படியில்தான் எழுகின்றது. கீழ்ப்படியில் அதற்கு இடமே இல்லை.

கீழ்ப்படியைக் கணக்கிடுவது எவ்வாறு? 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15ஆவது கூட்டம் இதற்கு வழி வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவருக்கு, உண்போர் மூன்று அலகு எனக் கொள்ள வேண்டும். மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கிற் சேர்த்தலாகாது. உணவின் அளவுக்கு டாக்டர் அக்ராய்டின் கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். இவர் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் இருந்த உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவராய் விளங்கியவர். உடைக்கு, நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி. இது ஏறக்குறைய 66 மீட்டர். இவற்றுடன் வீட்டு வாடகையும், விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு நூற்றுக்கு 20 பங்கும் சேரும். பின்னர் 1991இல் உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக நூற்றுக்கு 25 பங்கையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று கூறிற்று.

நெசவாளரான அங்கத்தினர்கள் அந்த 72 கெஜத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஊராட்சியின் துப்புரவுத் தொழிலாளிக்கு உரிய ஊதியம் கிடைத்தால், அந்த 72 கெஜத்தில் ஒரு பகுதி நம் தறியிலிருந்து செல்லும். அவருக்கு ஊதியம் குறைந்தால் முதலிற் குறைவது துணியே. ஏனெனில் வயிற்றை ஒத்திப்போட இயலாது, உடையை ஒத்திப்போடலாம். அதுபோலவே அவர் வீட்டு அடுப்பில் ஏறும் அரிசியும் பருப்பும் நம் விவசாய அங்கத்தினரின் விளைபொருளே. ஆதலின் பிறர் கூலியைப் பற்றி நமக்கு என்ன என்று இருத்தல் நமக்கே நட்டமாகும்.

பணமில்லை என்னும் விடை

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இல் பிறந்தது. அதன் அட்டவணையில் கண்ட தொழில்களுள், ஸ்தல ஸ்தாபனங்களின் கீழ்ச் செய்யும் வேலையும் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. பிறர் கொடுக்கும் கூலியை மேற்பார்க்கும் அரசாங்கம், தன் அங்கமாகிய ஊராட்சியையும் ஒரு முதலாளியாகவே கருதியது என்பது இதன் பொருள். அச்சட்டத்தின் இடத்தில் இப்பொழுது நிற்பது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. இது 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைத் தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த பாதுகாப்பை இது எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. மத்திய அரசாங்கம் குறிக்கும் அடித்தள ஊதியத்துக்குக் கீழே எந்த மாநிலமும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தலாகாது என்பதும் இதன் விதி. குறைவாகக் கொடுக்கப்பட்ட கூலிக்காக வழக்கிடும் காலவரை முன்னர் ஆறு மாதமாக இருந்தது. இப்பொழுது அது மூன்று ஆண்டு.

இனி ஓர் ஐயம் எழலாம். பஞ்சாயத்தில் வசூல் இல்லை, வீட்டு வரி நிலுவையில் நிற்கின்றது. இந்நிலையில் கூலியைக் குறைத்தால் என்ன என்று சில நிர்வாகிகள் கேட்பர். இக்கேள்விக்கு நீதிமன்றங்கள் தெளிவான விடை கூறியுள்ளன. கேரளத்து ஓட்டுத் தொழிலைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரண வேலை செய்தோருக்குக் குறைந்த கூலி கொடுத்த வழக்கு 1983இல் வந்தது. பஞ்சத்தில் வேலை கொடுத்ததே உதவி, அதற்குக் குறைந்த கூலி போதும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆவது விதி தடுக்கும் கட்டாய உழைப்பே என்று கூறிற்று.

சிக்கனம் நல்ல குணம், அதில் ஐயமில்லை. ஆனால் ஊருக்கென்று செய்யும் சிக்கனம் ஓர் ஏழையின் அடுப்பை அணைப்பதாயின், அது சிக்கனமன்று; ஊரார் அனைவரும் கூடி ஒருவரிடம் வாங்கிய கடன்.

எங்கள் விருப்பம் என்னும் விடை

கீழே போதல் கூடாது என்று கண்டோம். மேலே எவ்வளவும் போகலாமா? ஸ்தல ஸ்தாபனத்தின் ஊதிய உரிமையைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. அதனை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை ஒட்டி, பாப்ளர் என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டை இருந்தது. 1919இல் அதன் நகர மன்றத்தைத் தொழிற்கட்சி கைப்பற்றிற்று. மன்றத்தாருள் துறைமுகக் கூலியாட்களும் ரயில்வே தொழிலாளரும் இருந்தனர். அவர்களுக்குத் தலைவராய் விளங்கிய ஜார்ஜ் லான்ஸ்பரி பின்னாளில் பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்கே தலைவரானார். தம்மிடம் வேலை செய்யும் ஆண், பெண் எவருக்கும் வாரம் 4 பவுண்டுக்குக் குறையாத ஊதியம் என்று 1920இல் அம்மன்றம் முடிவு செய்தது.

அப்பொழுது போருக்குப் பின் விலைவாசி உச்சத்தில் இருந்தது. 1914ஆம் ஆண்டின் நிலையைவிட, 1920 நவம்பரில் வாழ்க்கைச் செலவு 176 சதவீதம் உயர்ந்திருந்தது. பின்னர் விலைகள் சரிந்தன. 1922 ஏப்ரலில் அவ்வுயர்வு 82 சதவீதமாக இறங்கிற்று. பாப்ளர் மன்றம் 4 பவுண்டையே நிலைநிறுத்தியது. தணிக்கையாளர் அதிகப்படியான செலவு என்று 5,000 பவுண்டைத் தள்ளுபடி செய்து, அதனை மன்றத்தாரே தம் கைப்பொருளிலிருந்து கட்ட வேண்டும் என்றார்.

மன்றத்தார் சட்டத்தைச் சுட்டினர். தக்கதென்று தாம் கருதும் ஊதியத்தை மன்றம் அளிக்கலாம் என்று 1855ஆம் ஆண்டின் சட்டம் கூறியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தாரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1925இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றிற்று. தக்கதென்று கருதுவது என்றால் மனம்போனபடி கருதுவதன்று. வேலையின் தன்மை, பிற இடங்களில் வழங்கும் ஊதியம், வாழ்க்கைச் செலவு ஆகியவற்றை எண்ணிப் பார்த்துக் கருதுவதே ஆகும். இவற்றைப் பாராமல் ஒரு தொகையைக் குறித்தால் அது ஊதியமாகாமல் நன்கொடையாகிவிடும் என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டியதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் அளித்ததையும் நீதிபதிகளுள் ஒருவர் கடிந்துரைத்தார். அன்று குற்றமாகக் கூறப்பட்டது இன்று கடமை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நம் அரசியலமைப்பின் 39ஆவது விதி; 1976இல் அதற்கெனச் சட்டமும் வந்தது; இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது அடங்கியுள்ளது. இவ்விஷயத்தில் பாப்ளர் மன்றத்தார் தம் நீதிபதிகளைவிட நெடுந்தூரம் முன்னே பார்த்தவர்கள்.

ஆயினும் தீர்ப்பில் ஒரு பாடம் எஞ்சி நிற்கின்றது. மன்றத்தாரிடம் நல்லெண்ணம் இருந்தது. நல்லெண்ணத்தைத் தாங்கி நிற்கும் கணக்கு ஏட்டில் இல்லை. விலை மாறியபொழுது, இத்தொகை ஏன் மாறவில்லை என்பதற்குரிய விடை ஏட்டில் காணப்படவில்லை. நான்கு பவுண்டு ஏன், அதற்கு எந்தக் குடும்பத்தின் எந்தச் செலவு ஆதாரம் என்று எழுதி வைத்திருந்தால், அவர்கள் நீதிமன்றத்தில் சொல்வதற்கு இன்னும் வலுவான சொல் இருந்திருக்கும். காரணம் எழுதப்படாத உதவி, கொடுத்தவர் பதவி இழந்த மறுநாளே பறிபோகக்கூடியது. காரணம் எழுதப்பட்ட ஊதியமோ உரிமையாக நிலைக்கின்றது.

ஏழை ஊரின் சுமை

பாப்ளரில் இன்னொன்றும் நிகழ்ந்தது. வேலையிழந்தோர் மிகுந்த அப்பேட்டை தன் ஏழைகளைத் தன் வீட்டு வரியாலேயே காப்பாற்ற வேண்டியிருந்தது. செல்வர் வாழும் பேட்டைகளிலோ ஏழைகள் குறைவு; ஆதலின் வரியும் குறைவு. இது நீதியன்று என்று கூறி, மாநகர் முழுவதற்கும் உரிய பொது வரியை வசூலித்துக் கொடுக்க அம்மன்றம் 1921இல் மறுத்தது. மன்றத்தார் 30 பேர், பெண்களும் உட்பட, சிறை சென்றனர். ஆறு வாரங்களில் விடுதலையும் பெற்றனர். ஏழைகளைக் காக்கும் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள அவ்வாண்டிலேயே சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. கடைத்தெருவும் தொழிற்சாலையும் உள்ள ஊராட்சிக்கு வருவாய் மிகுதி. வானம் பார்த்த பூமியை நம்பிய ஊராட்சிக்கு வருவாய் குறைவு. ஆனால் தெருவைக் கூட்டும் உழைப்பு இரண்டிலும் ஒன்றே. இதற்காகவே அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதிக் குழு அமைத்து, மாநில வருவாயில் ஊராட்சிகளின் பங்கை வரையறுக்க வேண்டும் என்று விதித்தது. எளிய ஊராட்சி செய்ய வேண்டியது தொழிலாளியின் கூலியைக் குறைப்பதன்று. தன் பங்கைக் கணக்குக் காட்டிக் கேட்பதே ஆகும்.

விண்ணப்பத்திற்கும் அதே நெறி

இனி இரண்டாவது கடமைக்கு வருவோம். விளக்கு எரியவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது, குழாயில் நீர் வரவில்லை என்பன போன்ற விண்ணப்பங்கள் ஊராட்சிக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. இவையும் ஊதியமும் வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றினும், ஒவ்வொரு விண்ணப்பமும் ஒருவரது கையால் செய்து முடிக்க வேண்டிய வேலையே. வடிகாலைச் சீர்செய் என்று கையொப்பமிடும் நாம், சீர்செய்பவரின் கூலியையும் கேட்டறியக் கடமைப்பட்டவர்கள்.

விண்ணப்பத்திலும் ஊதியத்தைப் போன்றே ஓர் அடித்தளம் உண்டு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ரத்லம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றமும் கழிவிட வசதியின்மையும் பொறுக்காத மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டனர். சீர்செய்யுமாறு அவர் ஆணையிட்டார். நகராட்சி தன்னிடம் நிதியில்லை என்று வாதாடிக்கொண்டே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்களின் சுகாதாரத்துக்கு இன்றியமையாத கடமையை நிதியின்மை காட்டித் தட்டிக் கழித்தல் இயலாது என்று 1980இல் தீர்ப்பாயிற்று. கூலிக்குச் செல்லாத காரணம் சாக்கடைக்கும் செல்லவில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. தெரு விளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு சுடுகாடு ஆகியவற்றை அது கட்டாயக் கடமைகளாக வகுத்துள்ளது. பூங்கா, படிப்பகம், சந்தை, விளையாட்டிடம் முதலியன ஊராட்சி தன் விருப்பப்படி செய்யத் தக்கவை. இப்பிரிவினையை அறிந்தவர் விண்ணப்பத்தை எங்கே வைப்பது என்பதையும் அறிவர்.

விண்ணப்பங்களை ஒழுங்காக நடத்துவதற்கு ஐந்து படிகள் போதும்.

1. பதிதல். நேரிற் சொன்னதாயினும் எழுதித் தந்ததாயினும், நாளும் எண்ணும் இட்டு ஒரே பதிவேட்டில் எழுதுதல். கொடுத்தவருக்கு ஒப்புகைச் சீட்டுத் தருதல்.

2. வகைப்படுத்துதல். இது கட்டாயக் கடமையா, விருப்பக் கடமையா, அல்லது பிற துறைக்கு உரியதா என்று காணுதல். பிற துறைக்கு உரியதாயின் அங்கே அனுப்பி, அனுப்பிய செய்தியை விண்ணப்பதாரருக்குக் கூறுதல்.

3. வரிசைப்படுத்துதல். உயிருக்கும் சுகாதாரத்துக்கும் இடர் தருவது முதலில். மற்றவை வந்த வரிசையில். கேட்டவர் யார் என்பது வரிசையை மாற்றுதல் ஆகாது.

4. காரணம் எழுதுதல். செய்தாலும் மறுத்தாலும் தாமதித்தாலும், அதற்குரிய காரணத்தை ஒரு வரியிலேனும் குறித்தல்.

5. தெரிவித்தல். முடிவையும் காரணத்தையும் உரியவருக்கு அறிவித்தல்.

நான்காவதும் ஐந்தாவதும் மரியாதைக்காகச் செய்வன அல்ல. பொது அதிகாரம் தன் நிர்வாக முடிவுகளுக்குரிய காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் உள்ள விதி. கிராம சபையும் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு நாள்களுடன், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை அதனைக் கூட்டுவதென 2022இல் அரசாங்கம் முடிவு செய்தது. அச்சபையில் பதிவேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. அங்கே ஊதியப் பட்டியலையும் படிக்கச் சொல்லலாம்.

நம் சங்கத்திற்கு இதனால் வரும் பயன்

இவ்வளவும் ஊராட்சிக்கு உரியது, சங்கத்திற்கு என்ன என்று சிலர் வினவலாம். சங்கமும் கூலி நிர்ணயிக்கின்றது; சங்கத்திற்கும் விண்ணப்பங்கள் வருகின்றன. ஆகவே நெறியும் ஒன்றே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்காகக் கற்பித்துக்கொண்ட தொகை இது. ஒரு சேலைக்குக் கூலி 2,400 ரூபாய் என்றும், தறியில் அதனை நெய்ய 4 நாள் ஆகின்றது என்றும் கொள்வோம். நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று நாம் மகிழ்கின்றோம். ஆனால் பாவு ஓடவும், தார் சுற்றவும், பாவு பிணைக்கவும் வீட்டுப் பெண்மக்கள் அச்சேலைக்காக இரண்டு நாள் உழைத்திருந்தால், மொத்தம் ஆறு நாள். நாளொன்றுக்கு 400 ரூபாய்தான். அந்த இரண்டு நாள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1957ஆம் ஆண்டின் நெறிப்படி மனைவி மக்களின் சம்பாத்தியத்தையே குடும்பக் கணக்கிற் சேர்த்தலாகாது என்றிருக்க, நாம் அவர்களின் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியையும் மறந்துவிடுகின்றோம். விவசாய அங்கத்தினரும் தம் வயலில் களை எடுப்போர், நாற்று நடுவோர் ஆகியோரின் கூலியை இவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூல் கேட்டும் கடன் கேட்டும் வரும் விண்ணப்பங்களும் அவ்வாறே. இருப்பு இல்லை என்றால், எப்பொழுது வரும் என்று கூறுதல் வேண்டும். ஒருவருக்கு முன்னதாகக் கொடுத்தால், ஏன் என்று ஏட்டில் எழுதுதல் வேண்டும். சந்தேகம் பிறக்கும் இடம் பெரும்பாலும் களவு நடந்த இடமன்று. காரணம் சொல்லப்படாத இடமே.

பாடத்தின் சாரம் இதுவே: அடித்தளத்துக்குக் கீழே பணமில்லை என்ற சொல் செல்லாது; அடித்தளத்துக்கு மேலே எங்கள் விருப்பம் என்ற சொல் செல்லாது. முன்னதற்குச் சட்டம் காவல். பின்னதற்கு எழுதிய காரணம் காவல். அதிகாரம் கையில் இருத்தல் போதாது; அளவுகோலும் கையில் இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்க்கை ஊதியம் ஆகியவற்றின் வேறுபாடு யாது? கொடுக்கும் சக்தி எந்தப் படியில் கருதப்படுகின்றது?

2. பாப்ளர் மன்றத்தார் செய்தவற்றுள் நாம் பின்பற்ற வேண்டியது எது? திருத்திக்கொள்ள வேண்டியது எது?

3. நம் ஊராட்சியில் துப்புரவுப் பணி செய்வோரும் நீர்த்தேக்கத் தொட்டி இயக்குவோரும் பெறும் ஊதியம் எவ்வளவு? அரசாங்கம் அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்துடன் அதனை ஒப்பிடுக.

4. நம் சங்கத்தில் நெய்யப்படும் ஒரு வகைத் துணியை எடுத்துக்கொண்டு, முன்வேலை நாள்களையும் சேர்த்து நாட்கூலியைக் கணக்கிடுக. அக்கணக்கை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் படிக்க ஒருவரை இன்றே தேர்ந்தெடுக்க.